'300' திரைப்படம்: கதைசொல்லி மிகைப்படுத்தினால் அது வரலாற்றுப் பிழையாகுமா?

கேள்வி: கோடைமழை

வணக்கம். சென்ற ஞாயிறன்று, கல்லூரியில் முதலாண்டு வரலாறு படிக்கும் என் அக்காள் மகனோடு உட்கார்ந்து, ஸாக் ஸ்னைடர் இயக்கிய '300' படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பார்த்தேன். கி.மு. 480இல் பாரசீக அரசன் செர்க்ஸஸின் பெரும்படையை, கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயில் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸும் அவனுடைய 300 வீரர்களும் தடுத்து நின்ற கதை அது. 2007ஆம் ஆண்டு அது திரைக்கு வந்தபோது எனக்கும் ஏறத்தாழ அவன் வயதுதான். லியோனிடாஸாக நடித்த ஜெரார்ட் பட்லரின் முழக்கத்தில் மயங்கி, அரங்கை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு வாரம் அதே குரலில் பேசித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். இந்த முறை அப்படி மயங்குவதற்கு அவன் இடம் கொடுக்கவில்லை. மூன்று இடங்களில் படத்தை நிறுத்தி, "மாமா, இது உண்மையாகவே நடந்ததா?" என்று கேட்டுவிட்டான்.

முதல் இடம், பணிவதற்கு அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டு வந்த பாரசீகத் தூதனை, அரசி கோர்கோவை ஒரு கணம் திரும்பிப் பார்த்து அவள் தலையசைத்ததும், லியோனிடாஸ் கிணற்றுக்குள் உதைத்துத் தள்ளும் காட்சி. இரண்டாவது, கவசமே இல்லாமல் சிவப்புப் போர்வையும் தோல் அரைக்கச்சையுமாக அவர்கள் போருக்கு நிற்பது. மூன்றாவது, கூன் விழுந்த எஃபியால்ட்டஸ் மலைப்பாதையைக் காட்டிக்கொடுப்பது. நினைவில் இருந்ததை வைத்து ஏதோ சொல்லிச் சமாளித்தேன்; சொன்னதில் பாதியாவது தவறாக இருக்கும் என்று இப்போது உறுத்துகிறது.

இன்னொரு வாதமும் நடந்தது. படம் முழுவதும் டிலியோஸ் என்ற ஒற்றைக்கண் வீரன் மற்ற வீரர்களுக்குச் சொல்லும் கதையாகத்தான் வருகிறது. ஆகவே காண்டாமிருகமும் அரக்கர்களும் அவன் கூட்டிச் சொன்னவை, அவற்றை வரலாற்றுப் பிழை என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று நான் வாதிட்டேன். "அப்படிப் பார்த்தால் ஒரு கதைசொல்லியைச் சேர்த்துவிட்டு எந்தப் படமும் தப்பித்துக்கொள்ளலாமே" என்றான் அவன். எனக்குப் பதில் வரவில்லை. மூல நூல்களைப் படித்தவர்களும் திரைத்தொழிலில் இருப்பவர்களும் இங்கே உண்டு என்பதால் கேட்கிறேன்.

பதில்: ஓலைநறுக்கு

கிணற்றிலிருந்தே தொடங்குகிறேன். படம் அவசரமாகக் கடந்துபோன நிகழ்ச்சிகளுள் அதன் உண்மைக் கதைதான் படத்தைக் காட்டிலும் சுவையானது.

தூதர்களைக் கிணற்றில் தள்ளியது நடந்ததாகவே பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆனால் அவர்கள் செர்க்ஸஸ் அனுப்பிய தூதர்கள் அல்லர். ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பு அவருடைய தந்தை டேரியஸ் அனுப்பியவர்கள். ஏதென்ஸ் நகரத்தார் தங்களிடம் வந்தவர்களைக் குற்றவாளிகளை எறியும் பள்ளத்தில் தள்ளினார்கள். ஸ்பார்ட்டர்கள் கிணற்றில் தள்ளி, மண்ணையும் நீரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். படம் இதோடு நின்றுவிடுகிறது. நூல் நிற்கவில்லை. தூதரைக் கொன்ற பழி ஸ்பார்ட்டாவைச் சும்மா விடவில்லை. பலி கொடுக்கும்போதெல்லாம் சகுனங்கள் தீயனவாகவே வந்தன. ஊர்ச்சபையைப் பலமுறை கூட்டி, இந்தப் பழிக்கு ஈடாக உயிர் கொடுக்க யாரேனும் உண்டா என்று கேட்டபோது, ஸ்பெர்த்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு செல்வக்குடி ஆண்கள் தாமாக முன்வந்து, பாரசீகப் பேரரசின் தலைநகரான சூசாவுக்கே போனார்கள். அங்கே அரசன் முன் மண்ணில் விழுந்து வணங்கச் சொன்னபோது மறுத்துவிட்டு, எங்களைக் கொன்று கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். செர்க்ஸஸ் கொல்லவில்லை. எல்லா மக்களுக்கும் பொதுவான அறத்தை ஸ்பார்ட்டர்கள் மீறினார்கள் என்பதற்காக நானும் மீற மாட்டேன், உங்களைக் கொன்று உங்கள் ஊரைப் பழியிலிருந்து விடுவிக்கவும் மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். கி.மு. 480இல் படையெடுத்து வரும்போது மற்ற நகரங்களுக்கெல்லாம் தூது விட்ட செர்க்ஸஸ், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மட்டும் ஒருவரையும் அனுப்பாததற்கு இந்தப் பழைய கிணறுதான் காரணம். உங்கள் மருமகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உடைக்கு வருவோம். அந்தக் காலத்துக் கிரேக்கக் காலாட்படை வீரன் வெண்கலத் தலைக்கவசமும், வெண்கலத்தாலோ பல மடிப்புத் துணியாலோ ஆன மார்புக் கவசமும், கணைக்கால் காப்பும் அணிந்தான். கையில் இருந்த வட்டக் கேடயம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமும் 7 கிலோ அளவுக்கு எடையும் கொண்டது. வெறும் மார்போடு ஒருவனும் வரிசையில் நின்றிருக்க மாட்டான். அந்த நிர்வாணம் போர்க்களத்திலிருந்து வரவில்லை, ஓவியத்திலிருந்து வந்தது: கிரேக்கக் குடுவைகளில் வீரர்களை ஆடையின்றித் தீட்டும் மரபு உண்டு, பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஜாக்-லூயி டாவிட் 1814இல் முடித்த ஓவியத்திலும் லியோனிடாஸ் கேடயம், வாள், போர்வை ஆகியவற்றோடு ஆடையில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். படம் அந்த மரபில் அரைக்கச்சையை மட்டும் சேர்த்திருக்கிறது.

கவசத்தைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. எஃபியால்ட்டஸிடம் லியோனிடாஸ், ஒவ்வொருவனும் தன் கேடயத்தால் இடப்பக்கத்தில் நிற்பவனைத் தொடை முதல் கழுத்து வரை காக்க வேண்டும், ஒருவன் தளர்ந்தாலும் அணி உடைந்துவிடும் என்று மிகச் சரியாக விளக்குகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் அவரே வரிசையை விட்டுத் தனியாக ஓடி ஆடிப் பாடாத குறையாகச் சண்டை போடுகிறார். உண்மையில் அந்தக் குறுகிய இடத்தில் கிரேக்கர்களுக்குக் கைகொடுத்தவை நீண்ட ஈட்டியும் கட்டுக்கோப்பும்தான். பாரசீகர்களின் ஈட்டி குட்டையானது என்பதையும், இடம் ஒடுங்கியதால் அவர்களுடைய எண்ணிக்கை பயன்படவில்லை என்பதையும் ஹெரோடோட்டஸ் தெளிவாகச் சொல்கிறார். ஸ்பார்ட்டர்கள் தோற்று ஓடுவதுபோல் மொத்தமாகத் திரும்பி, எதிரி கலைந்து துரத்தி வந்ததும் சட்டென்று முகம் திருப்பித் தாக்கினார்களாம். அந்த ஒரு சூழ்ச்சியை மெதுவேகத்தில் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

எஃபியால்ட்டஸ் ஸ்பார்ட்டாவில் பிறந்தவனும் அல்லன், கூனனும் அல்லன். அந்தப் பகுதியான மாலிஸைச் சேர்ந்தவன்; பரிசுக்கு ஆசைப்பட்டுப் பாதையைச் சொன்னவன், அவ்வளவுதான். குறையோடு பிறந்ததால் கொல்லப்படவிருந்த குழந்தை, பெற்றோரால் தப்பி வளர்ந்து, தன்னை ஏற்காத படைக்கே எமனாக வருவது, படத்துக்கு மூலமான சித்திரக்கதையை எழுதிய ஃபிராங்க் மில்லரின் கற்பனை. வரலாறாக அது தவறு. நாடகமாக அதுதான் படத்தின் ஆகச் சிறந்த முடிச்சு, ஏனென்றால் ஸ்பார்ட்டாவின் பெருமையாகத் தொடக்கக் காட்சியில் காட்டப்படும் சட்டமே அதன் வீழ்ச்சியைப் பெற்றெடுக்கிறது. இயக்குநர் இதை உணர்ந்துதான் வைத்தாரா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு.

அந்த மலைப்பாதையைக் காத்தவர்கள் 1,000 ஃபோக்கிய வீரர்கள். காற்றில்லாத விடியலில், தரையில் உதிர்ந்து கிடந்த ஓக் மரச் சருகுகள் மிதிபட்டுச் சலசலத்த ஓசை கேட்டுத்தான் பாரசீகர்கள் வந்துவிட்டதை அவர்கள் அறிந்தார்களாம். சண்டை தங்களோடுதான் என்று எண்ணி உச்சிக்கு ஏறி நின்றுகொண்டார்கள். பாரசீகர்கள் அவர்களைத் திரும்பியும் பாராமல் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

கதைசொல்லி பற்றிய உங்கள் வாதத்தோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. பரணி படித்துப் பழகிய நமக்கு, போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைப் பார்த்து எந்த ஆண்டு எந்தப் பேய் என்று கேட்கத் தோன்றாது. வென்றவன் பக்கத்துப் புலவன் அப்படித்தான் பாடுவான்.

பதில்: நிறக்கலவை

நான் டி.ஐ. கூடத்தில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்யும் இடத்தில், வேலை செய்பவன். வரலாற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் படம் ஏன் அப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லாமல் கதைசொல்லி வாதத்தை முடிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

படத்தின் மூலம், ஃபிராங்க் மில்லர் வரைந்து லின் வார்லி வண்ணம் தீட்டி 1998இல் ஐந்து இதழ்களாக வந்த சித்திரக்கதை. அதில் விரித்த இரண்டு பக்கங்களும் சேர்ந்து ஒரே படமாக அமையும். பிறகு நூலாகத் தொகுத்தபோது ஒவ்வொரு பக்கத்தையும் அந்த அகலத்துக்கே அச்சிட்டார்கள். அதாவது தாளிலேயே அது அகலத்திரைப் படமாகத்தான் இருந்தது. ஸ்னைடர் செய்தது, பல இடங்களில், அந்தப் பக்கத்தை அப்படியே ஃப்ரேமாக நிறுத்திவிட்டு, அது எப்படி அசையத் தொடங்கும் என்று யோசித்ததுதான். தூதன் கிணற்றில் விழும் ஷாட், மலைவிளிம்பிலிருந்து எதிரிகளைத் தள்ளும் ஷாட், கடைசியில் அம்புகள் தைத்துக் கிடக்கும் லியோனிடாஸ் ஆகியவற்றை நூலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

படப்பிடிப்பு கனடாவின் மாண்ட்ரியலில், கூரைக்குக் கீழேயே, 60 நாட்களில் முடிந்தது. குதிரையில் தூதர்கள் வரும் ஒரே ஒரு காட்சிதான் திறந்தவெளியில் எடுக்கப்பட்டது. மற்றதெல்லாம் 'மேட்' எனப்படும் ஒற்றைநிறத் திரைக்கு முன்னால் நடந்தது; பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பார்கள். பெரும்பகுதி ப்ளூ மேட். இப்போது எல்லோரும் கிரீன் மேட்டைத்தான் விரிக்கிறோம், அவர்கள் நீலத்துக்குப் போனதற்கு முக்கியமான காரணம் அந்தச் சிவப்புப் போர்வை. துணியின் ஓரத்தில் திரையின் நிறம் ஏறிவிட்டால் சிவப்பு செத்துவிடும். இந்தப் படத்தில் சிவப்பு செத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? ஏறத்தாழ 1,500 ஷாட்டுகளில் 1,300க்குக் குறையாமல் கணினி வேலை உள்ளது. படம்பிடித்ததைக் காட்டிலும் பல மடங்கு காலம், ஓராண்டுக்கு மேல், பின்வேலைக்குப் போயிற்று.

நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிரஷ்'. ஃப்ரேமில் நிழலாக இருக்கும் பகுதிகளில் கொஞ்ச நஞ்சம் தெரியும் விவரங்களையும் அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, நடுப்பகுதியின் மாறுபாட்டை உயர்த்தி, பழுப்பும் பொன்னிறமும் மேலோங்க விடுவது. வயிற்றுத் தசைகள் செதுக்கியதுபோல் தெரிவதற்கு நடிகர்களின் கடும்பயிற்சி பாதிக் காரணம், மீதிப் பாதி இந்தக் கறுப்பு. தசைக்கும் தசைக்கும் இடையிலுள்ள பள்ளம் மசியால் கோடிழுத்ததுபோல் ஆகிவிடுகிறது. இரத்தமும் அப்படித்தான். கூர்ந்து பாருங்கள்: தெறிக்கும் துளிகள் இரத்தம்போல் வழிவதில்லை, பேனாவை உதறினால் தாளில் விழும் மைபோலச் சிதறிவிட்டுத் தரையைத் தொடுமுன் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

முதல் நாள் சண்டையில் லியோனிடாஸ் வரிசையை விட்டு முன்னேறும் அந்த நீண்ட ஷாட்டைப் பற்றி ஓலைநறுக்கு ஐயா கோபப்படுகிறார். தொழிலில் இருப்பவனாக அந்த ஒரு ஷாட்டுக்காக நான் ஸ்பார்ட்டாவின் போர்முறையையே விட்டுக்கொடுப்பேன். ஒரே தாங்கியில் மூன்று கேமராக்களைப் பொருத்தி, ஒன்றில் அகலம், ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் நெருக்கம் என்று மூன்று லென்சுகளை மாட்டி, மூன்றையும் ஒரே சமயத்தில் அதிவேகத்தில் ஓடவிட்டார்கள். பிறகு கணினியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உருமாற்றி இணைத்ததால், கண்ணுக்கு வெட்டே தெரியாமல் அகலக் காட்சி திடீரென்று ஈட்டிமுனைக்குப் பாய்ந்து, மறுபடி பின்வாங்குகிறது. வழக்கமான நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதிலாக 150 ஃப்ரேம் ஓட்டினால் அசைவு ஆறு மடங்கு மெதுவாகும். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியைக் குடிக்கும் நேரமும் அதே அளவுக்குக் குறைவதால், கூடத்துக்குள் விளக்கை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். கூடுதல் ஃப்ரேம்கள் கையிலிருப்பதால் எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் ஓடவிடுவது என்பதை எடிட்டிங்கில் முடிவு செய்யலாம். ஈட்டி பாய்வதற்கு முன் ஒரு மூச்சு நிற்கும். பாய்ந்ததும் விசை கூடும். அந்தத் தாளம் ஒரு கதைசொல்லி குரலை இழுத்து நிறுத்தி அடித்துச் சொல்லும் தாளம்தான். அதனால் கோடைமழையின் வாதத்துக்கு என் ஓட்டு.

பதில்: எதிர்க்கரை

முன்னே எழுதிய இருவரும் நன்றாகச் சொன்னார்கள். என்றாலும் கல்லூரி மாணவர் கேட்ட கேள்வியை இருவரும் மென்மையாக ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கதைசொல்லி வாதம் நிற்காது என்பதே என் கருத்து. அதற்கான சான்று படத்துக்குள்ளேயே இருக்கிறது.

கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். டிலியோஸ் கதையைச் சொல்லி முடித்துவிட்டான். ஓராண்டு கழித்து, கி.மு. 479இல், கிரேக்கர்கள் பாரசீகர்களை மீண்டும் எதிர்கொண்ட பிளாட்டியா களத்தில் விடிந்துகொண்டிருக்கிறது. இப்போது நாம் பார்ப்பது அவன் சொல்லும் கதை இல்லை, அவன் நிற்கும் உலகம். மிகைப்படுத்தியவன் அவன்தான் என்றால் இந்த இடத்தில் படத்தின் தோற்றம் மாறியிருக்க வேண்டும். வீரர்கள் கவசம் அணிந்திருக்க வேண்டும், வானம் சாதாரண வானமாக இருக்க வேண்டும். ஒன்றும் மாறுவதில்லை. அதே வெற்று மார்பு, அதே போர்வை, அதே பொன்வானம். ஆகவே மிகைப்படுத்தியது டிலியோஸ் இல்லை, இயக்குநர். அரசி கோர்கோவும் ஸ்பார்ட்டாவின் அரசியல்வாதி தெரோனும் மூடிய அறைக்குள் தனியாகப் பேசிக்கொள்வதையும் டிலியோஸ் எந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்டான் என்று தெரியவில்லை. அந்தக் கிளைக்கதை மூலச் சித்திரக்கதையில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது.

அதே பிளாட்டியாக் காட்சியில் 10,000 ஸ்பார்ட்டர்கள் 30,000 சுதந்திரக் கிரேக்கர்களுக்குத் தலைமை தாங்கி நிற்பதாக டிலியோஸ் முழங்குகிறான். ஸ்பார்ட்டப் பகுதியிலிருந்து வந்தவர்கள் 10,000 என்பது ஹெரோடோட்டஸ் தரும் எண்தான். அவர்களில் முழுக் குடியுரிமை கொண்ட ஸ்பார்ட்டர்கள் 5,000 பேர். அந்த ஒவ்வொருவருக்கும் ஏழு பேர் வீதம் 35,000 ஹெலட்கள் உடன் வந்தார்கள் என்று அதே பத்தியில் அவர் எழுதியிருப்பதைப் படம் விழுங்கிவிடுகிறது. ஹெலட்கள் ஸ்பார்ட்டர்களின் வயலை உழுத அடிமைக் குடிகள். துணைக்கு வந்த ஆர்க்கேடியக் கிரேக்கப் படையினரைப் பார்த்து லியோனிடாஸ் ஒவ்வொருவராக உன் தொழில் என்ன என்று கேட்க, குயவன், சிற்பி, கொல்லன் என்று அவர்கள் சொல்ல, பிறகு தன் வீரர்களிடம் கேட்டதும் அவர்கள் ஈட்டியை உயர்த்தி உறுமும் காட்சிக்கு அரங்கில் விசில் பறந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த முந்நூறு பேருக்கும் வேறு தொழில் தேவைப்படாமல் போனதற்குக் காரணம், அவர்களுக்காக வேறு யாரோ உழுததுதான். தெர்மோபிலேயிலும் ஹெலட்கள் செத்துக் கிடந்தார்கள். படத்தில் ஒரு ஹெலட்டும் இல்லை. 'சுதந்திரம்' என்ற சொல் மட்டும் நிறைய இருக்கிறது.

கதைசொல்லி காண்டாமிருகத்தைச் சேர்க்கலாம், அதனால் யாருக்கும் கேடில்லை. ஆளை நீக்குவதுதான் கேடு. மூன்றாம் நாள் மற்ற கிரேக்கர்கள் போய்விட, ஸ்பார்ட்டர்கள் மட்டும் தனித்து மாண்டதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் டெமோஃபிலஸ் தலைமையில், தெஸ்பியே என்ற கிரேக்க ஊரைச் சேர்ந்த 700 தெஸ்பியர்கள் தாமாக விரும்பி உடனிருந்து மாண்டார்கள். ஸ்பார்ட்டாவோ பெரும்பேர் பெற்ற படைநகரம். தெஸ்பியே ஒரு சிற்றூர், கவசம் பூண்டு போரிட அதனிடம் இருந்த படையே ஏறத்தாழ அந்த 700 பேர்தான். பிறகு பாரசீகர்கள் வந்து அந்த ஊரையும் எரித்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியாவுக்கு மிச்சமிருந்த தெஸ்பியர்கள் 1,800 பேர் வந்தபோது, அவர்களிடம் கவசம்கூட இல்லை.

பாரசீகர்களைப் பற்றி ஓலைநறுக்கு சொல்லாமல் விட்டதையும் சேர்த்துவிடுகிறேன். பாரசீகத் தலைநகரங்களுள் ஒன்றான பெர்செப்போலிஸின் சிற்பங்களில் பாரசீக அரசர்கள் நீண்ட தாடியும் மடிப்பு வைத்த அங்கியுமாக இருக்கிறார்கள். படத்தில் ரோட்ரிகோ சாண்டோரோ ஏற்ற செர்க்ஸஸ், மழித்த தலையும் முகமெல்லாம் சங்கிலியுமாக, கணினியால் உயர்த்தப்பட்ட உடலோடும் தாழ்த்தப்பட்ட குரலோடும் வருகிறார். 'மரணமற்றோர்' எனப்பட்ட பாரசீகத் தேர்ந்த படைக்கு உலோக முகமூடியும் கோரப்பல்லும். அந்தப் பெயருக்கு ஹெரோடோட்டஸ் தரும் விளக்கம் எளிமையானது: ஒருவர் இறந்தாலோ நோயுற்றாலோ உடனே வேறொருவரை நிரப்பி எண்ணிக்கையை 10,000க்குக் குறையாமல் வைத்திருந்தார்கள். அவர்களில் 1,000 பேரின் ஈட்டியடியில் பொன் மாதுளையும் மற்ற 9,000 பேரின் ஈட்டியடியில் வெள்ளி மாதுளையும் இருந்தன. சூசா அரண்மனையின் மெருகிட்ட செங்கல் சுவரில் பூவேலை செய்த அங்கியோடு அணிவகுத்து நிற்கும் காவலர்களைப் பார்த்தவர்கள், இவ்வளவு வண்ணம் கையிலிருந்தும் ஏன் அந்த உலோக முகமூடிக்குப் போனார்கள் என்றுதான் கேட்பார்கள். 2007இல் ஈரானில் எழுந்த எதிர்ப்பை அன்று நம் ஊர் நாளிதழில் துணுக்குச் செய்தியாகப் படித்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. இன்று சிரிப்பு வரவில்லை.

பரணி உவமைக்கும் ஒரு சொல். பரணியில் பேய் வருவதால் கேட்பவனுக்கு இது பாட்டு என்று தெரிந்துவிடுகிறது. இந்தப் படத்தில் பேய்க்குப் பதிலாக ஒரு நாட்டு மக்களையே நிறுத்தியிருக்கிறார்கள்.

பதில்: தேசாந்திரி

விவாதத்தில் தலையிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்துக்குப் போயிருந்தேன், பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறையும் மறுபக்கம் கொந்தளிக்கும் கடலுமாக வரும் அந்தக் கணவாயைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். மலை அப்படியே இருக்கிறது, கடலைக் காணவில்லை. ஸ்பெர்க்கியோஸ் ஆறு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அன்று எதிரிகள் விழுந்து மூழ்கிய இடத்தில் இன்று வயல் இருக்கிறது, பக்கத்தில் லாரிகள் போகும் சாலை இருக்கிறது. வெந்நீர் ஊற்று மட்டும் மாறவில்லை. 'தெர்மோபிலே' என்றாலே 'வெந்நீர் வாயில்' என்றுதான் பொருள். கந்தக நாற்றம் நிறுத்தத்தில் இறங்கியதும் மூக்கில் ஏறியது.

சாலையோரத்தில் 1955இல் நிறுவிய லியோனிடாஸ் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆயுதத்தைக் கீழே போடு என்றபோது வந்து எடுத்துக்கொள் என்று அவர் சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய இரண்டு சொற்களை அதில் பொறித்திருக்கிறார்கள். பேருந்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் அதன் கீழ் நின்றுதான் படமெடுத்துக்கொண்டார்கள். சற்றுத் தள்ளி 1997இல் தெஸ்பியர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்: தலையில்லாத ஓர் ஆணுடல், ஒரு சிறகு விரிந்தும் மற்றொன்று முறிந்தும். நான் இருந்த அரைமணி நேரத்தில் அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. எதிரே இருக்கும் சிறு குன்றில்தான் கடைசிச் சண்டை. 1939இல் தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாட்டோஸ் தோண்டியபோது அங்கே அம்புமுனைகள் கொத்தாகக் கிடைத்தன.

மறுமொழி: கோடைமழை

எல்லோருக்கும் நன்றி. எதிர்க்கரை எழுதியதைப் படித்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் மீண்டும் போட்டுப் பார்த்தோம். உண்மைதான், கதை முடிந்தும் வானம் மாறவில்லை. மருமகன் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் நிறக்கலவை சொன்ன மூன்று கேமரா ஷாட்டை நான்கு முறை போட்டுப் பார்த்தோம் என்பதையும் மறைக்கப் போவதில்லை. இரண்டாம் முறையிலிருந்து அவனும் வரலாறு கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் லென்சு மாறுகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. டிலியோஸ் என்ற ஆள் உண்மையில் இருந்தானா? கண் போனதால் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன் இருந்ததாக எங்கோ படித்த நினைவு.

மறுமொழி: ஓலைநறுக்கு

எதிர்க்கரையிடம் நானும் தோற்றுப்போனேன், ஒப்புக்கொள்கிறேன்.

டிலியோஸ் என்ற பெயரில் யாரும் இல்லை. சாயல் உள்ளவன் உண்டு. அரிஸ்டோடெமஸ், யூரிட்டஸ் என்ற இரண்டு ஸ்பார்ட்டர்களுக்குக் கடுமையான கண்நோய் வந்ததால், லியோனிடாஸ் அவர்களுக்குக் களத்தை விட்டுப் போக விடைகொடுத்திருந்தார். பாரசீகர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் யூரிட்டஸ் கவசத்தை மாட்டிக்கொண்டு, கண் தெரியாத நிலையில், தன் ஹெலட்டைக் கையைப் பிடித்துக் களத்துக்கு அழைத்துப் போகச் சொன்னான். கொண்டுபோய் விட்டதும் ஹெலட் ஓடிப்போனான், யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து மாண்டான். அரிஸ்டோடெமஸ் ஊர் திரும்பினான். படத்தில் டிலியோஸுக்குக் கிடைத்த வரவேற்பு அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக்கூட யாரும் கொடுக்கவில்லை, யாரும் பேசவில்லை, 'நடுங்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியாவில் வரிசையை விட்டுத் தனியாகப் பாய்ந்து வெறியோடு போரிட்டு மாண்டான். அன்று மிகச் சிறப்பாகப் போரிட்டவன் அவனே என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. ஸ்பார்ட்டர்கள் மட்டும் அவனுக்குச் சிறப்புச் செய்யவில்லை. சாக விரும்பி அணியை விட்டு ஓடியவன் என்று காரணம் சொன்னார்கள்.